ரூல் போட்டது நானில்ல

உக்காருங்க அண்ணாச்சி. பெட்டி மேலயே உக்காரலாம், தகரப் பெட்டிதான், ஒண்ணும் ஆகாது. கரைக்குக் கூட்டிட்டுப் போற படகு இப்போதைக்கு வராது. கடல் இப்படிப் புரண்டுக்கிட்டு இருந்தா தூத்துக்குடிக்காரங்க கரையில நின்னு நம்மள வேடிக்கை பாப்பாங்களே ஒழிய, படகு எடுக்க மாட்டாங்க. கப்பல் இங்கயே ஆடிக்கிட்டு கிடக்க வேண்டியதுதான்.

இந்தக் கோட்டப் பாக்குறீங்களா? பொத்தான் இல்லாம இருக்கேன்னு பாக்காதீங்க. பித்தளப் பொத்தான், கிளப்போட சின்னம் போட்டது. எல்லாத்தையும் அறுத்து எடுத்துக்கிட்டாங்க. கோட்ட மட்டும் பெரிய மனசு பண்ணி விட்டாங்க.

நான் கொழும்புப் பக்கத்து மலையில, எல்லமலை கிளப்புல ஹெட் பட்லர். பேச்சிமுத்துன்னா அந்த மலையில தெரியாத ஆள் கிடையாது. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் அத்தனை பேரும் சனிக்கிழமையானா அங்கதான். யாருக்கு எவ்வளவு சோடா, யாரு யாரு பக்கத்துல உக்காரக் கூடாது, எந்தத் துரைக்கு எத்தனாவது கிளாஸ்ல அழுகை வரும், எல்லாம் எனக்கு அத்துப்படி. லயத்துல, அதான் தோட்டத்துக் கூலிங்க வரிசை வீட்டுல, பொறந்தவன் அண்ணாச்சி நான். கொழுந்து பறிக்கிறவ மகன். அங்கேருந்து ஏறி அந்தக் கதவுக்கு உள்ள போனவன். எப்படிப் போனேன்? எங்க நிக்கணுமோ அங்க நின்னேன். அவ்வளவுதான். அந்த ஒண்ணு தெரிஞ்சாப் போதும், மனுசன் பொழச்சுக்கலாம்.

அது தெரியாமத்தான் அடைக்கலம் செத்தான். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. செத்தவனப் பத்தித் தப்பாப் பேசுற ஆள் இல்ல நான்.

டாக்டர் அடைக்கலம். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கொழும்புப் பேப்பர்ல வந்துச்சு. சீமையில ஸ்காட்லாந்துப் பேப்பர்லயே வந்துச்சுங்கறாங்க. அவனும் எங்க லயத்துப் பயதான். எங்க வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். அவங்கப்பா சொடலைய நான் சித்தப்பான்னுதான் கூப்பிடுவேன். காலராவுல அவங்கம்மா போனப்ப, மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் துரை ஒருத்தரு, புள்ள இல்லாதவரு, இவனத் தூக்கிட்டுப் போயிட்டாரு. பள்ளிக்கூடம் வச்சு, ஞானஸ்நானம் குடுத்து, தன் ஊருக்கே கூட்டிக்கிட்டுப் போயி டாக்டருக்குப் படிக்க வச்சாரு. அதே வருஷம் என்னையத் துரை பங்களாவுல தட்டுக் கழுவ விட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே வாசல்லேருந்து கிளம்பினவங்கதான். ஆளுக்கொரு வழி.

திரும்பி வந்தான், தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டரா. ஆளு நெட்டையா, தோளு அகலமா, நல்ல கறுப்பு. கழுத்துப்பட்டி, பூட்ஸு. ஒருநாள் கிளப் கேட்டுப் பக்கத்துல வந்து நிக்கிறான். நான் துரைமாருக்குப் புல்தரையில டீ வச்சுக்கிட்டு இருக்கேன். "பேச்சி அண்ணே, நான் அடைக்கலம்ணே!"ன்னு கத்துறான். அத்தனை துரையும் திரும்பிப் பாக்குறாங்க.

நான் காது கேக்காத மாதிரி இருந்துட்டேன். பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? கையில டீப்பானை. யூனிபாரம் போட்டிருக்கேன். அப்புறமா ஒருநாள் சந்தையில பாத்து, "இங்க பாரு, அங்கெல்லாம் வந்து அண்ணே நொண்ணேன்னு கூப்பிடாத, உனக்கும் மரியாதை இல்ல எனக்கும் மரியாதை இல்ல"ன்னு சொன்னேன். சிரிச்சான். எதுக்கெடுத்தாலும் சிரிப்பான் அவன். அதுவும் ஒரு கோளாறுதான்.

ரக்கர்னு ஒரு ஆட்டம் இருக்கு அண்ணாச்சி. பந்து உருண்டையா இருக்காது, பலாக்கொட்டை மாதிரி இருக்கும். அதக் கையில எடுத்துக்கிட்டு ஓடணும். ஓடுறவனப் பிடிச்சு இழுக்கலாம், கீழ தள்ளலாம், மேல விழலாம். அந்தக் கடைசிக் கோட்டத் தாண்டிப் பந்தத் தரையில வச்சுட்டா கெலிப்பு. மழைக்காலத்துலதான் ஆடுவாங்க, சேறு இருந்தாத்தான் அவங்களுக்குக் குஷி. சுத்த வெள்ளக்கார ஆட்டம். நம்ம ஆளுங்க வேலி ஓரமா நின்னு பாக்கிறதோட சரி.

இந்த வருஷம் மழை எறங்குறப்ப எங்க துரைமார்ல பாதிப் பேருக்குக் காய்ச்சல். டீமுக்கு ஆள் பத்தல. கேப்டன் ஹேல் துரை, சின்ன வயசு, தங்கமான மனுசன், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாது. அவரு வந்து செக்ரட்டரி வில்மட் துரைகிட்ட சொல்றாரு: "அந்த டாக்டர் ஸ்காட்லாந்துல ஆடியிருக்கான். நல்ல நல்ல டீமுக்கு ஆடியிருக்கான். அவனப் போட்டுக்கலாமா?"

வில்மட் துரை கிளாஸக் கீழ வச்சுட்டாரு. "கிளப்புக்குள்ள எப்படி?"

"மைதானம் கிளப் இல்லையே" அப்படிங்கறாரு ஹேல் துரை.

"ஆட்டம் முடிஞ்சதும்? உடுப்பு மாத்துறது? குளிக்கிறது? சாப்பாடு?"

ரெண்டு பேரும் சங்கடப்பட்டுக்கிட்டு நிக்கிறாங்க. நான்தான், கேக்காமப் பேசினதுக்கு மன்னிக்கணும்னு சொல்லிட்டு, "மைதானத்து ஓரத்துல உருளைக் கொட்டகை இருக்கே துரை"ன்னேன். புல்தரையச் சமமாக்கிற பெரிய கல் உருளை, அத நிறுத்தி வைக்கிற தகரக் கொட்டகை. அங்க ஒரு முக்காலி, ஒரு கண்ணாடி, ஒரு வாளித் தண்ணி வச்சாப் போதும். வில்மட் துரை முகம் அப்படியே தெளிஞ்சுபோச்சு. "பட்லர், உன்னமாதிரி ஆள் இருக்கிறதாலதான் இந்தக் கிளப் ஓடுது"ன்னாரு. என் காதால கேட்டது இது. அதே வாயிதான் அப்புறம்... சரி, வர்றேன் அதுக்கு.

அவன ஆடவிட்டது யாரு? நான். நான் அந்த யோசனை சொல்லலைன்னா அவன் அந்த மலையில பந்தத் தொட்டிருக்கவே மாட்டான். இத ஒருத்தரும் நினைச்சுப் பாக்கல.

மொத ஆட்டத்துக்கு மலை முழுக்கத் திரண்டு வந்துருச்சு. அரைப்பேர் போட்ட நாளு, அரைநாள் வேலைதான், லயத்து சனம் அத்தனையும் கம்பளியத் தலையில போட்டுக்கிட்டு வேலி ஓரம். அவன் பந்தக் கையில வாங்கினான் பாருங்க. பொய் சொல்லக் கூடாது. வில்மட் துரையே எந்திரிச்சு நின்னுட்டாரு. அவனப் பிடிக்க வர்றவன் கையில காத்துதான் மிச்சம். பொம்பளைங்க குலவை போடுறாங்க. "நம்ம சொடலை மகன்டா"ன்னு ஒரே சத்தம். சொடலைச் சித்தப்பா மட்டும் சத்தம் போடல. தலைப்பாவ அவுத்துக் கையில வச்சுக்கிட்டு, மகன் விழும்போதெல்லாம் இவரும் குனிஞ்சு குனிஞ்சு எந்திரிச்சாரு.

கெலிச்சுட்டாங்க. ஹேல் துரையும் இன்னொருத்தரும் அவனத் தோள்ல தூக்கிட்டாங்க. சேத்தோட சேறா, பாட்டுப் பாடிக்கிட்டு, மைதானத்தத் தாண்டி, பூப்பாத்தியத் தாண்டி, கிளப் படி வரைக்கும் தூக்கிட்டு வர்றாங்க. படியில நான் நிக்கிறேன், கையில தட்டு.

அங்க நின்னாங்க. பாட்டு நின்னுபோச்சு.

ஹேல் துரை என் முகத்தப் பாக்குறாரு. "பட்லர், ரூல் என்ன?"

அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்டாரு. கேட்டா நான் சொல்லணும். "மெம்பர், மெம்பரோட விருந்தாளி, ஐரோப்பியர் மட்டும் துரை"ன்னேன். பாவம், அவரு மூச்சு விட்டத நான் பாத்தேன். மெதுவா இறக்கி விட்டாங்க. ஒருத்தரு முதுகுல தட்டினாரு. அவன் உருளைக் கொட்டகைக்கு நடந்து போனான், தனியா.

நானே டீயும் கேக்கும் கொண்டுபோனேன். வேற ஆள அனுப்பியிருக்கலாம், ஆனா நானே போனேன். அவன் முக்காலியில உக்காந்து முழங்கால்ல இருக்கிற சேத்தக் கழுவிக்கிட்டு இருந்தான். "உக்காருண்ணே, ரெண்டு பேரும் குடிப்போம்"ங்கறான். யூனிபாரம் போட்டு உக்காரக் கூடாதுன்னேன்.

"டேய், உனக்கு எதுக்குடா இது?"ன்னு கேட்டேன். பக்கத்துல யாரும் இல்ல, அதனால டேய்னு கூப்பிட்டேன். "டாக்டரா இருக்க. கைநிறைய சம்பளம். கௌரவமா ஆஸ்பத்திரில இருந்துட்டுப் போறத விட்டுட்டு இவங்களோட சேத்துல உருளணுமா?"

அவன் சொன்னான்: "அங்க மொத தடவ நான் மைதானத்துல இறங்கினப்ப, சுத்தி நின்னவங்க நாய் மாதிரிக் குரைச்சாங்கண்ணே. ஆட்டம் பாக்க வந்த கூட்டம் மொத்தமும். பந்து என் கைக்கு வந்துச்சு. ஓடுனேன். ஓட ஓட அந்தக் குரைப்பு நின்னுக்கிட்டே வந்துச்சு. கோட்டத் தாண்டி விழுந்தப்ப ஒரு சத்தம் இல்ல. அந்த அமைதி இருக்கே, அதுக்காகத்தான் ஆடுறேன்."

எனக்கு ஒண்ணும் விளங்கல. படிச்சவன் பேச்சு. "கேக்கு வச்சிருக்கேன், தட்டு கிளப் தட்டு இல்ல, அதனால அங்கயே வச்சுரு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் வந்த ஆட்டமெல்லாம் இப்படியே போச்சு. ஒவ்வொரு சனிக்கிழமையும் தோள்ல தூக்குவாங்க, படியில இறக்குவாங்க. பழகிப்போச்சு. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அவன் ஒரு தடவகூட உள்ள வரணும்னு கேக்கல. கேக்கலங்கறதாலதான் துரைமாருக்கு அவனப் பிடிச்சிருந்துச்சு.

மகாராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம்னு கொண்டாடினாங்கல்ல, அந்த விழாவுக்காக ஒரு பெரிய ஆட்டம் வச்சாங்க. கொழும்புலேருந்து ஒரு டீம். பட்டாளத்து ஆளுங்க, தடிதடியா. சாயங்காலம் பெரிய விருந்து. கிளப் ஹால்ல மேசைய எல்லாம் சேத்துப் போட்டு வெள்ளத் துணி விரிச்சு, வெள்ளிச் சாமானெல்லாம் எடுத்து வச்சு, மகாராணி படத்துக்கு மாலை போட்டு, நான் மூணு நாளாத் தூங்கல. வில்மட் துரை பெரிய விருந்தாளிகள அழைச்சுட்டு வர ரயில் ஸ்டேஷனுக்குப் போனாரு. போகும்போது ஹால்க் கதவப் பூட்டி, சாவிய என் கையில குடுத்து, "நான் வர்ற வரைக்கும் ஒரு சேத்துக்கால் உள்ள வரக் கூடாது பட்லர்"ன்னாரு. யார் கால்னு அவரு சொல்லல. சேத்துக்கால்னுதான் சொன்னாரு.

மழைன்னா மழை. எதிர்ல நிக்கிற ஆள் தெரியல. கொழும்புக்காரங்க வந்ததுலேருந்தே அவனத்தான் குறி வச்சாங்க. பந்து அவன் கையில இருக்கோ இல்லியோ, அவன் மேல விழுந்தாங்க. ஹேல் துரை ஒருதடவ நடுவர்கிட்ட ஏதோ சொல்லப் போனாரு, சொல்லாமத் திரும்பி வந்துட்டாரு. ஒரு தடவ பந்தக் குடுத்துட்டு வெறுங்கையோட நிக்கிறான், ரெண்டு பேர் ஓடிவந்து, ஒருத்தன் பிடிச்சுக்கிட்டான், இன்னொருத்தன் முழங்காலால இடது விலாவுக்குக் கீழ ஒரு இடி. எந்திரிச்சான். சிரிச்சான். அதுக்கப்புறம்தான் அந்தப் பந்த வாங்கினான். அவ்வளவு பேரையும் தாண்டி ஓடி, கோட்டுக்கு அந்தப் பக்கம் போயி விழுந்தான். பந்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டு விழுந்தவன்தான்.

எந்திரிக்கல.

தூக்கிட்டு வந்தாங்க. அன்னிக்குப் பாட்டு இல்ல. முகம் சாம்பல் மாதிரி ஆயிருச்சு. வாய் மட்டும் நிதானமாப் பேசுது, வேற யாருக்கோ வைத்தியம் சொல்ற மாதிரி. "மண்ணீரல் கிழிஞ்சிருச்சு. உள்ள ரத்தம் போகுது. வண்டியில ஏத்தாதீங்க, இந்தப் பாதையில குலுங்கினா முடிஞ்சுபோச்சு. ஆடாம அசையாமக் கிடத்தணும். குளிர் படக் கூடாது. உள்ள, ஹால்ல, ஒரு மேசையில கிடத்துங்க. கணப்பு மூட்டுங்க. விருந்துக்கு ரயில்ல வர்ற சர்ஜன் துரை வந்ததும் என்ன செய்யணும்னு நான் சொல்றேன்."

ஹேல் துரை என்னப் பாத்தாரு. "பட்லர், கதவ..."ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. கதவத் திறன்னு சொல்லல. கதவன்னு சொல்லிட்டு நிறுத்திட்டாரு. நான் அன்னிக்கே கவனிச்சேன், இன்னிக்கும் அதத்தான் சொல்வேன்.

"செக்ரட்டரி துரை உத்தரவு, சேத்துக்கால் உள்ள வரக் கூடாதுன்னு துரை"ன்னேன். "அவர் வந்ததும் கேட்டுரலாம். ரயில் வர்ற நேரம்தான்."

ஹேல் துரை சுத்திப் பாத்தாரு. மத்தத் துரைமார் மழையப் பாத்தாங்க, பூட்ஸப் பாத்தாங்க. "ஆமா, வில்மட் வந்துரட்டும். அதுவரைக்கும் கொட்டகையில இருக்கட்டும்"னாரு. அவர்தான் சொன்னாரு அண்ணாச்சி. நானா சொன்னேன்? அவரு அதட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் திறந்திருப்பேன். பட்லர்தானே நான்? சாவி என் கையில இருந்துச்சு, சரி. சாவி வச்சிருக்கிறவனெல்லாம் வீட்டுக்காரன் ஆயிர முடியுமா?

கொட்டகையில தரையெல்லாம் தண்ணி. ரெண்டு பலகையப் போட்டு அது மேல படுக்க வச்சோம். தகரத்துல மழை விழுற சத்தத்துல பேச முடியல. நான் சும்மா இருக்கல. சாக்கு கொண்டுவந்து போத்துனேன். வெந்நீர் கொண்டுவந்தேன். பிராந்தியும் கொண்டுவந்தேன், என் பேர்ல எழுதிக்கிறேன்னு சொல்லி. அவன் வேண்டாம்னுட்டான். என் கையப் பிடிச்சான். ஐஸு மாதிரி இருந்துச்சு.

"கதவத் திறந்திருக்கலாம்லண்ணே"ன்னான்.

"ரூலுடா"ன்னேன். "நான் என்ன செய்ய?"

அவன் சிரிக்கல. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அது வரைக்கும் எதுக்கும் சிரிக்கிறவன். "அப்பாவ மட்டும் உள்ள விடு"ன்னான். எங்க உள்ளன்னு கேட்டேன். கொட்டகைக்குள்ளன்னான். பாத்தா, சொடலைச் சித்தப்பா வேலிக்கு அந்தப் பக்கம் மழையில நிக்கிறாரு. வேலியத் தாண்டி வர உத்தரவு இல்லன்னு அங்கயே நிக்கிறாரு, பாருங்க, அவருக்குத் தெரியுது. வான்னு கைகாட்டினேன். என் சொந்தப் பொறுப்புல கூப்பிட்டேன். ஓடிவந்தாரு. மகன் தலைய மடியில எடுத்து வச்சுக்கிட்டாரு.

வில்மட் துரை வந்துட்டாரு, விருந்தாளிங்க வந்துட்டாங்க, கோச்சுச் சத்தம் கேக்குது. நான் போகணும். சூப் தயாரா இருக்கு, ஆறிப்போச்சுன்னா யார் பதில் சொல்றது? சித்தப்பாகிட்டச் சொல்லிட்டு ஓடினேன். வில்மட் துரை காதுலயும் போட்டேன். "சர்ஜன்கிட்டச் சொல்றேன், மொதல்ல சூப்பப் பாரு"ன்னாரு. சூப் பரிமாறினேன். மீன் பரிமாறினேன். அதுக்கப்புறம்தான் சர்ஜன் துரை துண்டுல வாயத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சாரு. குடை பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்.

முடிஞ்சுபோயிருந்துச்சு. சித்தப்பா அழல. தன் கம்பளிய எடுத்து அவன் மேல போட்டுட்டு, வெறும் உடம்போட உக்காந்திருந்தாரு. சர்ஜன் துரை நாடியப் பாத்துட்டு என்னப் பாத்துக் கேட்டாரு: "இவ்வளவு ஈரத்துல ஏன்டா கொண்டுவந்து போட்டீங்க?"

என்கிட்டக் கேட்டாரு. உள்ள அத்தனை துரைமார் உக்காந்திருக்காங்க, என்கிட்டக் கேட்டாரு.

அப்புறம் பேப்பர்ல வந்துச்சு. ஸ்காட்லாந்துலேருந்து அவன் கூட ஆடினவங்க, அந்த மிஷன் துரை, எல்லாரும் கேள்வி கேட்டாங்க. நீதவான், நம்ம ஊர் மாஜிஸ்ட்ரேட் மாதிரி, வந்து விசாரணை வச்சாரு. சர்ஜன் துரை, மலைக்காய்ச்சல்ல அவனுக்கு மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்துச்சு, அடி ஒண்ணும் பெரிசில்லன்னு சொல்லிட்டாரு. அப்ப கொழும்புக்காரங்க தப்பிச்சாங்க. மிச்சம் இருந்தது கதவுதான். கதவ யாரு பூட்டி வச்சதுன்னு கேட்டாரு நீதவான். ஹேல் துரை பைபிள் மேல கை வச்சு, "நான் திறக்கச் சொன்னேன், பட்லர் மறுத்துட்டான்"ன்னாரு. சொல்லும்போது அழுதாரு. நிஜமாவே அழுதாரு. எனக்கே பாவமா இருந்துச்சு. வில்மட் துரை எந்திரிச்சு, "ஒரு மனுசன் சாகக் கிடக்கிறப்ப ரூல் பாக்கச் சொல்லி நான் எப்பவும் சொன்னதில்ல. நம்ம சுதேசி வேலைக்காரங்களுக்கு இரக்கம் குறைவு"ன்னாரு.

இரக்கம் குறைவாம். எனக்கு.

அவனுக்கு மைதானத்து ஓரத்துல ஒரு கல்லு நட்டிருக்காங்க. அருமைத் தோழன்னு எழுதி. இங்கிலீஷ்ல. என்னய வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, இது நியாயமா? ஒரு சொல் மீறி நடந்தேனா? ரூல் போட்டது நானா?

லயத்துல ஒருத்தரும் என் முகத்தப் பாக்கல. என் அக்கா அடுப்படியிலேருந்து வெளிய வரல. எவன் எவனுக்கோ கிளப்புல மிஞ்சின ரொட்டி கொண்டாந்து குடுத்திருக்கேன், அவன் எல்லாம் காறித் துப்புறான். கிளம்புற அன்னிக்கு, சரி, சித்தப்பாகிட்டயாவது என் பக்கத்த எடுத்துச் சொல்லிருவோம்னு போனேன். அன்னிக்கும் மழை. கதவத் தட்டினேன். திறந்தாரு. ஆளு பாதியாப் போயிட்டாரு.

"சித்தப்பா, நான் வேணும்னு செய்யல, ரூலு..."ன்னு ஆரம்பிச்சேன்.

அவரு கதவ அகலமாத் திறந்து வச்சுட்டு ஒதுங்கி நின்னாரு. "மொதல்ல உள்ள வா பேச்சி. நனையாத. காய்ச்சல் கீச்சல் வந்தா இங்க இப்பப் பாக்கிறதுக்கு டாக்டர் இல்ல."

எந்த அர்த்தத்துல சொன்னாருன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், விளங்கல. கோவமா இருந்திருந்தாக் கதவத் திறந்திருக்க மாட்டாருல்ல? அப்ப என் மேல தப்பு இல்லைன்னுதானே அர்த்தம்? அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு உள்ள. பாயெல்லாம் விரிச்சிருந்துச்சு. அவரு வா வான்னு கையக் காட்டிக்கிட்டே நிக்கிறாரு.

என்னமோ அண்ணாச்சி, காலு உள்ள போகல. மழையிலயே நின்னுட்டு வந்துட்டேன்.